தன் குரலைத் தானே கேட்ட பிள்ளைகள்

கொழும்பில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் தரம் 4க்குக் கற்பிக்கிறேன். தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினால் பெரியவர் ஒருவர் பேச்சை எழுதித் தருவார், பிள்ளை பாடமாக்கும். எந்தச் சொல்லுக்குக் கையை உயர்த்துவது என்பதுகூடச் சொல்லிக் கொடுக்கப்படும். பாடசாலையில் வென்று வலயம், மாகாணம் என்று போகிற ஓரிரு பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கலாம். மற்றவர்கள் ஒரு வரி மறந்தாலே அழுதுகொண்டு இறங்கிவிடுகிறார்கள். அப்புறம் மைக் என்றாலே பயம்.

அதனால், பேசி முடித்ததும் நான் திருத்தம் சொல்வதற்கு முன் பிள்ளையே தன் பேச்சைப் பற்றிச் சொல்லட்டும் என்று தொடங்கினேன். பெற்றோரிடம் அனுமதி வாங்கி, போனில் குரலை மட்டும் பதிவுசெய்தேன். வீடியோ என்றால் இந்த வயதில் தலைமயிரையும் சட்டையையும்தான் பார்ப்பார்கள்.

முதலில் கேட்டதும், "இது என்ர குரல் இல்லை ரீச்சர்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் நம் உட்காதுக்குப் போகிறது. அதனால் நமக்கு அது கொஞ்சம் கனமாகக் கேட்கும், பதிவில் அந்தக் கனம் இருக்காது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "ம்ம்" என்று சொல்லிப் பார்க்க வைத்தேன், விளங்கிவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் தன் குரலே சரியில்லை என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

பிறகு ஒரு சின்னக் கொப்பியும் மூன்று கேள்விகளும். எந்த இடம் நன்றாக வந்தது? எந்த இடத்தில் தடுமாறினேன்? அடுத்த முறை எந்த ஒன்றை மாற்றுவேன்? ஆரம்பத்தில் "நன்றாகப் பேசினேன்" அல்லது "எல்லாம் பிழை" என்றுதான் எழுதினார்கள். அதனால் எழுத்துப் பிரதியைக் கையில் கொடுத்து, கேட்டுக்கொண்டே அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னேன். அதோடு பதில்கள் மாறின. மெல்லிய குரலில் பேசும் பிள்ளை ஒருத்தி நான்கு இடத்தில் கோடு போட்டுவிட்டு, "ஒவ்வொரு வசனத்திலயும் கடைசிச் சொல்லை விழுங்கிறன் ரீச்சர்" என்றாள். "சத்தமாகப் பேசு" என்றுதான் எல்லோரும் அவளுக்குச் சொல்லிவந்தோம். அவளுக்குத் தேவைப்பட்டது சத்தம் அல்ல, வசனம் தொடங்குமுன் ஒரு மூச்சு. அதை அவளே கண்டுபிடித்து, அடுத்த தடவைக்கு அதை மட்டும் எழுதி வைத்தாள்.

இன்னொரு பையன் தடுமாறிய இடமெல்லாம் வீட்டில் எழுதிக் கொடுத்த கடினமான சொற்கள். "இதுக்கு எனக்குக் கருத்துத் தெரியாது" என்றான். அந்தச் சொற்களை எடுத்துவிட்டு அவனுடைய சொற்களைப் போட்டோம். பாடமாக்காமலே பேசினான்.

எங்கள் வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பேச்சும் மலையகப் பேச்சும் முஸ்லிம் வீடுகளின் பேச்சும் உண்டு, கொழும்பில் அப்படித்தான். தன் பதிவைக் கேட்டுவிட்டு, மற்றவர்களைப் போல மாற்ற வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். சொல் தெளிவாகக் கேட்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். ஊர்ப் பேச்சைப் பிழையென்று குறித்துக்கொண்ட பிள்ளைக்கு அப்புறம் வாயே திறக்காது.

பெற்றோருக்குத்தான் இது கஷ்டமாக இருந்தது. பிள்ளை பதிவைக் கேட்கும்போதே "அங்க பார், விட்டுட்டாய்" என்று வந்துவிடும். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பொறுங்கள், பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பலர் கேட்டார்கள்.

தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் ஒரே நாளில் முழு வகுப்பையும் பதிவுசெய்யப் போகாதீர்கள். நாளுக்கு மூன்று நான்கு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். எழுதச் சுணங்கும் பிள்ளை பதிலை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொடுங்கள். பதிவை வகுப்பு முன்னால் போடாதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.