கடைசி வரிசை ஓட்டக்காரியின் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையை எண்ணாமல் சாப்பிட்டுவிட்டு, இன்று விடியுமுன் மெரினா கலங்கரை விளக்கத்தடியில் போய் நின்றேன். ஜனவரி 5-ல் சென்னை மாரத்தான். நான் பெயர் கொடுத்திருப்பது ஹாஃபுக்கு, 21.1 கிலோமீட்டர். எங்கள் ஓட்டக் குழுவின் கோச் போட்ட அட்டவணைப்படி இன்று 10.

இங்கிருந்து நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 7 வரும். மிச்சத்தைச் சாந்தோம் பக்கம் ஓடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் உழைப்பாளர் சிலையைத் தாண்டுவதற்குள் முன்னால் போனவர்கள் பாலத்தைத் தொட்டுவிட்டு எதிரே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் கையைத் தூக்கி, "சூப்பர், விடாதீங்க!" அவர்களுக்குள் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைத்துக்கொள்கிறார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் உற்சாகப்படுத்தப்பட வேண்டிய ஆள் நான் என்பது இருபதடி தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

என் பேஸ் கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம். கண்ணகி சிலை அருகே நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர், "கொஞ்சம் வழி விடும்மா" என்று சொல்லிவிட்டு என்னை முந்திப் போனார். நடந்துதான்.

செப்டம்பர் 18, புதன்

அலுவலகத்தில் தணிக்கை. வாரநாள் ஓட்டம் கோவிந்தா.

குழுவில் யாரோ ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு மெதுவாக ஓடினாலும் சோபாவில் உட்கார்ந்திருப்பவரை நீ முந்திவிட்டாய் என்று எழுதிய படம். அதன் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். எனக்கு இந்த வாசகம் பிடிப்பதே இல்லை. எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பவர் என் அத்தை. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை நான் நிம்மதியாக வெளியே கிளம்ப முடிகிறதென்றால், பிள்ளைகள் எழுந்ததும் பாலைக் காய்ச்சிக் கொடுக்க அவர் இருக்கிறார் என்பதால்தான். அவரை நான் எதில் முந்தினேன்?

முன்னால் ஓடுபவரைப் பார்த்துப் பொருமுவதும், உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வதும் ஒரே பழக்கம்தான். அந்த வேகமெல்லாம் நாலு நாள் தாங்கும். நாலு மணி அலாரத்துக்கு வேறு ஏதாவது வேண்டும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

அந்த வேறு ஏதாவது ஒரு கூட்டல் கணக்கில் கிடைத்த மாதிரி இருக்கிறது.

இந்த வாரம் அட்டவணையில் 14 கி.மீ. எங்கள் குழுவில் முன்னால் ஓடுகிறவர்களுக்கு இது 77 நிமிட வேலை. எனக்கு 126 நிமிடம். தாளில் ஒரே எண், ஆனால் நான் முக்கால் மணி நேரம் அதிகமாகத் தரையை மிதிக்கிறேன், அதுவும் வெயில் ஏறிய பிறகு. அப்புறம் திங்கட்கிழமை எனக்கு மட்டும் ஏன் மாடிப்படி இறங்க முடியவில்லை என்று யோசித்தால் எப்படி?

ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் நீண்ட ஓட்டத்துக்கு நேரத்தில் வரம்பு வைக்கிறார்: இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் போனால் பயிற்சியில் கிடைக்கும் லாபத்தைவிடத் தேய்மானம் அதிகம். யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. தசைக்குள் புதிதாக நுண்ணிய ரத்தக் குழாய்கள் முளைப்பதும், தசைக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதும் எவ்வளவு நேரம், எவ்வளவு சிரமத்தோடு ஓடினோம் என்பதைப் பொறுத்தவை. நேப்பியர் பாலம் வந்துவிட்டதா என்று இதயத்துக்கு எப்படித் தெரியும்?

கோச்சிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, உங்களுக்கு மட்டும் எதுக்கு, எல்லாருக்குமே இன்னைக்கு ரெண்டு மணி நேரம். ஒரு மணி ஆனதும் எங்க இருக்கீங்களோ அங்கயே திரும்பிடுங்க" என்றார்.

நடந்தது இதுதான். அவர்கள் பாலத்தையும் தாண்டி எங்கேயோ போனார்கள். நான் என் இடத்தில் திரும்பினேன். போன வேகத்திலேயே எல்லாரும் திரும்பி வந்ததால், முன்னே பின்னே இரண்டு மூன்று நிமிட வித்தியாசத்தில் மொத்தக் குழுவும் சுக்கு காபி வண்டிக்கு வந்து சேர்ந்தது. இத்தனை நாளும் நான் வந்து சேரும்போது வண்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். ஓட்டக் குழுவில் இருந்தும் குழுவோடு உட்கார்ந்து பேசியது இன்றுதான்.

அக்டோபர் 6, ஞாயிறு

மெரினாவில் விமானப்படைச் சாகசம். கூட்டம் சேருமென்று ஓட்டத்தைப் பெசன்ட் நகருக்கு மாற்றிவிட்டார்கள். எலியட்ஸ் கடற்கரையில் ஆறரைக்கே காற்று நின்றுபோய்ப் புழுக்கம். சென்னையில் வெயிலைவிடக் காற்றின் ஈரம்தான் ஆளைச் சாய்க்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், இங்கே அது சும்மா வழிந்து சொட்டுகிறது. பாதியிலேயே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

இரவுச் செய்தியில் மெரினாக் கூட்டத்தில் ஐந்து பேர் உயிரிழந்ததாகச் சொன்னார்கள். "வலியைத் தாண்டி ஓடு" என்று படம் அனுப்புகிறவர்களை இந்த வாரம் மட்டுமாவது சும்மா இருக்கச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

நேற்று கொட்டித் தீர்த்தது. இன்றைக்குச் சிவப்பு எச்சரிக்கை, விடுமுறை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் கார்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மழையோ பேருக்குத் தூறியது. அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். மூன்றாம் மாடி மாமி கதவைத் திறந்து, "லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளிப் புகையெல்லாம் அடங்கி, காலையில் நல்ல காற்று. கடைசி வரிசையில் இப்போது மூன்று பேர் நிரந்தரம். நான், வங்கியில் ஓய்வுபெற்ற ஒரு சார், கல்லூரி முடித்து வேலை தேடும் ஒரு பெண். அவள் என்னை ஆன்ட்டி என்கிறாள். நான் அவரை சார் என்கிறேன். அவர் எங்கள் இருவரையுமே அம்மா என்கிறார்.

நாலு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தால் அது ஓட்டமில்லை என்று மூக்கைச் சுளிப்பவர்கள் குழுவில் உண்டு. இந்த முறையை ஊரறியச் செய்த ஜெஃப் காலவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். அவர் நடக்கலாம் என்கிறார். கடற்கரைச் சாலையில் நாம் நடந்தால் என்ன குடிமுழுகிப் போகும்? சோர்ந்த பிறகு நடப்பதில் பயனில்லை, தொடக்கத்திலிருந்தே நடக்க வேண்டும். அதுதான் இதில் விஷயம். முதல் நடை நிமிடத்தில் "இப்போதேவா?" என்று தோன்றும். தோன்றினாலும் நடக்க வேண்டும்.

ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி என்பார்கள். அந்தச் சோதனையில் நாங்கள் மூவருமே நூற்றுக்கு நூறு. இன்று சார் பாரிஸ் ஒலிம்பிக் கதை சொன்னார். ஆகஸ்டில் பெண்கள் மாரத்தானில் சிஃபான் ஹசன் 2 மணி 22 நிமிடம் 55 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் கழித்து, 3:52:59-ல், பூட்டானின் கின்சாங் லாமோ வந்து சேர்ந்தார். 80-வது ஆள், கடைசி ஆள். சாலையோரம் இருந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்து கைதட்டினார்களாம்.

"அவங்க நேரத்துல நான் ஹாஃப்தான் முடிப்பேன்" என்றாள் அந்தப் பெண். அதற்கு மேல் அதில் சோகப்பட எதுவுமில்லாததால் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

கோபமாக இருக்கிறது, எழுதிவிட்டால் தணியும்.

ஒத்திகையாக இருக்கட்டுமே என்று புறநகரில் ஒரு 15 கி.மீ. பந்தயத்துக்குப் பணம் கட்டியிருந்தோம். பெயர் வேண்டாம். பத்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசை இருந்தது, தண்ணீர் இல்லை. அடுத்ததில் மேசையையே மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முடிவுக்கோட்டில் வாழைப்பழம் தீர்ந்துவிட்டது. எல்லாம் அவர்களே அறிவித்திருந்த கட்-ஆஃபுக்கு, அதாவது ஓடி முடிக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு, இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது. முதலில் வருபவர் கட்டிய அதே கட்டணத்தைத்தான் நானும் கட்டினேன். வெயிலில் அதிக நேரம் நிற்பவருக்குத்தான் தண்ணீர் அதிகம் வேண்டும் என்பதைச் சொல்லியா தெரிய வேண்டும்?

மெதுவாக ஓடுபவர்கள் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்றால் மன உறுதி இல்லை என்கிறார்கள். பாதிப் பேர் இந்த மடித்த மேசையைப் பார்த்துத்தான் விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மின்னஞ்சல் எழுதிவிட்டேன், மரியாதையாகத்தான். இனி பெயர் கொடுக்குமுன் கட்-ஆஃப் எவ்வளவு, கடைசி ஆள் வரும்வரை மேசை இருக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் பணம்.

நவம்பர் 24, ஞாயிறு

போன வாரக் கடுப்பில் இடுப்பில் பாட்டில் கட்டிக்கொண்டு ஓடினேன். சார் தடுத்தார். கண்டபடி தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகுமாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம், அதாவது அந்த உப்பு, குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும், நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். அதாவது நம் வகையறா. வேகமாக ஓடுபவருக்கு நின்று குடிக்க நேரமில்லை, நமக்கு ஒவ்வொரு மேசையிலும் இரண்டு டம்ளர் குடிக்க நேரமிருக்கிறது.

அதனால் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன். முக்கால் கிலோ குறைந்திருந்தது. பரவாயில்லை. தாகத்துக்குக் குடிப்பது, நடுவில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு பையில் இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல். நேற்று விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. இங்கே தெருவில் முழங்கால் தண்ணீர். ஓட்டம் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. அத்தையோடு உட்கார்ந்து பஜ்ஜி.

டிசம்பர் 15, ஞாயிறு

பயிற்சியிலேயே பெரிய ஓட்டம் இன்றுதான். இரண்டரை மணி நேரம். 16 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல் வந்தது. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு கெண்டைக்கால் இழுத்தது, பேச்சு நின்றது. அந்தப் பெண் மட்டும் மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தக் கோபத்தில் எங்களுக்கு ஒரு கிலோமீட்டர் போனதே தெரியவில்லை.

முழு 21-ஐ ஒருமுறைகூட ஓடிப் பார்க்காமல் போட்டிக்குப் போவது பயமாகத்தான் இருக்கிறது. கோச்சிடம் கேட்டேன். கடைசி மூன்று வாரம் குறைத்து ஓடி, கால் ஓய்வெடுத்துப் புதிதாக இருக்கும்போது மிச்ச ஐந்து கிலோமீட்டர் வந்துவிடும் என்றார். அவர் சொல்வதை அறிவு ஏற்றுக்கொள்கிறது. தூக்கம் ஏற்றுக்கொள்ளவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

மார்கழி பிறந்துவிட்டது. மயிலாப்பூர் வழியாக ஓடினால் கோலம் மிதிபடாமல் கால் வைக்க இடம் தேட வேண்டியிருக்கிறது. ஒரு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்து, "பக்கத்துல எங்கயாவது நாய் துரத்துதா?" என்றார்.

சாருக்கு ஒரு ஆசை இருக்கிறது, இன்றுதான் சொன்னார். தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் போட்டிக்குப் போக வேண்டுமாம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே 90 கி.மீ.க்கு நெருக்கமான தூரம், 1921-லிருந்து நடக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் ஆனதும், ஓடி வருபவர்களுக்கு முதுகு காட்டி நின்று ஒருவர் துப்பாக்கி வெடிப்பார். அதன்பின் ஓரடி தள்ளி இருந்தாலும் பதக்கம் கிடையாது. முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்றுதான் முதுகைக் காட்டுகிறாரோ என்னவோ.

அறுபத்துநாலு வயதில் இதெல்லாம் தேவையா என்று சாரின் மகள் கேட்டாளாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பது போல எங்கள் முகத்தைப் பார்த்தார். முதலில் ஜனவரியைப் பார்ப்போம் சார் என்றேன்.

ஜனவரி 3, 2025, வெள்ளி

பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, வாங்கியாகிவிட்டது. கூடத்தில் வேகக்காரர்கள், இத்தனை மணி நேரத்தில் முடிக்கக் கூட ஓடி வழிகாட்டும் பேசர்களின் பலகைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் நேரத்துக்குப் பலகை இல்லை. அந்தப் பெண் ஒரு அட்டையில் 3:20 என்று எழுதிப் பிடித்துக்கொண்டாள். எங்கிருந்தோ முன்பின் தெரியாத நாலு பேர் வந்து, "நாங்களும் அவ்வளவுதான், கூட வரலாமா?" என்று கேட்டார்கள். போன் எண்களை வாங்கிக்கொண்டோம். நாலுக்கு ஒன்று என்ற எங்கள் நடைக் கணக்கைச் சொன்னதும் ஒருவருக்கு முகம் மலர்ந்தது. அவர் தனியாக ஒளிந்து நடந்துகொண்டிருந்தாராம்.

ஜனவரி 4, சனி

சட்டையில் பிப் குத்தியாகிவிட்டது. காலணி பழையதே. ராத்திரிக்கு இட்லி.

வீட்டுக்காரர் முடிவுக்கோட்டுக்கு வருகிறேன் என்கிறார். போன தடவை 10 கி.மீ. போட்டியில் நான் முடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே வந்து நின்று, எனக்கு என்ன ஆயிற்றோ என்று போலீஸ்காரரிடம் விசாரித்துவிட்டார். "எட்டரைக்கு மேல வந்தா போதும், அதுக்கு முன்னாடி யாரையும் எதையும் கேட்காதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். வரும்போது ஆறு பேருக்கு வாழைப்பழம் வாங்கி வரச் சொல்லியும் ஆயிற்று.