கெமிஸ்ட்ரி சாரும் சுண்ணாம்புச் சுவரும்

கெமிஸ்ட்ரி சார் காலமான செய்தி வந்ததிலிருந்து, கடல் கடந்து கிடக்கும் காரைக்குடிப் பிள்ளைகள் எல்லோரும் பேசுவது அவருடைய கால்சியம் பாடத்தைத்தான். கரும்பலகையை விட்டுவிட்டு நடுமுற்றம் வைத்த பழைய வளவு வீட்டுச் சுவரைத் தொட்டுக் காட்டி நடத்திய பாடம் அது.

"சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோவை 900 டிகிரியில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு. அது 18 கிலோ தண்ணீர் குடித்து 74 ஆகும். சுவரில் ஏறியபிறகு கரியமில வாயுவை வாங்கி, குடித்த தண்ணீரை விட்டு மறுபடி 100. கணக்கு நேராயிற்றாப்பா?" என்பார்.

அதற்குமேல் அவர் சொன்னவை புத்தகத்தில் இல்லை. சரியாக நீறாத, அதாவது தண்ணீர் குடித்துப் பொடியாகாத, கட்டி கலவையில் தங்கினால், மாதங்கள் கழித்துக்கூட ஈரம் பட்டு உப்பிப் பூச்சைத் தெறிக்கவைக்கும். அதனால் நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, தண்ணீருக்குள்ளேயே வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். தடிப்பாகப் பூசினால் வாயு உள்ளே போகாது. அடிப்பூச்சில் மணல் தூக்கலாக, மேலே போகப்போக நைசாக, மெல்லிசாகத்தான் பூசிக்கொண்டு வரவேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். வாயு சுண்ணாம்போடு சேர ஈரம் தேவை என்பதால் இறுகவும் செய்யாது. கருப்பட்டியும் கடுக்காய் ஊறலும் கலவையில் சேரும், முட்டை வெள்ளைக்கரு கடைசிப் பூச்சுக்கு. அதைத் தேய்க்கத் தொடங்கும் நேரம்தான் உயிர். விரலில் ஒட்டக்கூடாது, உள்ளே ஈரமும் இருக்கவேண்டும். முந்தினால் பூச்சு கையோடு வந்துவிடும். பிந்தினால் பளபளப்பு ஏறாது. முட்டை, கருப்பட்டி, கடுக்காய் எல்லாம் இன்று ஊரறிந்த செய்தி. அந்த நேரத்தை அறிந்தவர்கள்தான் அருகிவிட்டார்கள்.

ரோமாபுரிக் கான்கிரீட்டையும் இதோடு சேர்த்துச் சொல்வார். கடலுக்குள் கட்ட ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு எரிமலைச் சாம்பல் என்று கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்தார். அளவு ஏட்டில் இருந்தும் அந்தத் தொழில் மறைந்தது. அந்தக் கான்கிரீட்டில் தெரியும் வெள்ளைக் கட்டிகளைக் கலவைக் குறை என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 2023இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு விளக்கம் தந்தார்கள்: நீற்றாத சுண்ணாம்பைச் சூட்டோடு கலந்ததால் வந்தவை அவை, விரிசலில் தண்ணீர் புகுந்தால் கரைந்து, விரிசலை அடைத்துவிடும். நம் பூச்சைத் தெறிக்கவைக்கும் அதே கட்டி! அதைப் படித்தபோது சாருடைய வகுப்பில் இருக்கவேண்டும் போலிருந்தது.

நாங்கள் அனுப்பிய பணத்தில் பல வீடுகளில் காரை உதிர்ந்த இடங்களை சிமெண்டால் அடைத்தாயிற்று. சிமெண்ட் சுவரின் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. ஈரம் ஓரமாக ஒதுங்கி, உப்புப் பூத்து, பக்கத்து நல்ல பூச்சையும் தள்ளிவிடும். பழைய வேலை தெரிந்த மூத்த கொத்தனார்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே இல்லை.