செம்பட்டை

ஏப்ரல் 6
எங்கள் சினை வெள்ளாடு கருப்பி இன்றைக்கும் சுவரை நக்கிக்கொண்டு நிற்கிறது. கிழக்குப் பக்கம் அதன் வாய் எட்டும் உயரத்துக்குச் சுண்ணாம்பே இல்லை, செங்கல் தெரிகிறது. விரட்டினால் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறது.

ஏப்ரல் 7
முதுகு மயிர் செம்பட்டையாகிவிட்டது. கன்னி இன ஆடு என்றால் மை மாதிரி கருப்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. கோடு இருக்கிறது, கருப்பைத்தான் காணோம். செம்புச் சத்துக் குறைவு என்கிறார் டாக்டர். எங்கள் போர் தண்ணீரில் இரும்பு அதிகம், வாளியடியில் காவி படிகிறது. இரும்பு மிஞ்சினால் செம்பை உடம்பில் சேர விடாதாம். கந்தகமும் மாலிப்டினமும் அப்படித்தானாம். போடுவது ஒரு கணக்கு, சேர்வது வேறு கணக்கு.

ஏப்ரல் 8
கருப்பி போன வருஷம் போட்ட குட்டி நினைப்பாகவே இருக்கிறது. பால் குடிக்கத் தெரிந்தது, எழுந்து நிற்கத்தான் முடியவில்லை. பின்னங்கால் இரண்டும் தரையோடு இழுபட்டன.

ஏப்ரல் 10
தாது உப்பு வந்துவிட்டது. பெரிய ஆட்டுக்கு நாளைக்கு 10 கிராம். மளிகைக்கடைத் தராசை இரவல் வாங்கி, எந்தக் கரண்டியில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தேன். தலைதட்டி எடுத்தால் ஒரு கணக்கு, குவித்து எடுத்தால் இன்னொரு கணக்கு. ஊறவைத்த புண்ணாக்கில் பிசைந்து வைத்தேன். கருப்பி முதலில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது, அப்புறம் தட்டைக் காலி பண்ணிவிட்டது.

இதே உப்பைச் செம்மறிக்குக் கொடுக்கக் கூடாது. வெள்ளாடு தாங்குகிற செம்பைச் செம்மறி தாங்காது. ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வரும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மொத்தமாக ரத்தத்தில் இறங்கினால் கண் மஞ்சளாகி, மூத்திரம் சிவப்பாகி, அதோடு சரி. நம் கொட்டிலிலோ இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே. நடுவில் ஒரு தட்டி, அதிலும் ஓட்டை.

அத்தை சொல்கிறார், "அந்தக் காலத்துல மயில்துத்தத்தக் கரைச்சு ஊத்துவோம் தாயி, எந்த ஆடு செத்துச்சு?" மயில்துத்தமும் செம்பு உப்புதான். சும்மா இருந்துவிட்டேன். பொட்டலத்தைத் தேடி எடுத்துப் பரணில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 11
தட்டி கட்டினேன்.

ஏப்ரல் 12
தட்டியை முட்டித் திறந்துவிட்டன. கருப்பியின் தட்டில் மிச்சத்தை நக்கிக்கொண்டிருந்தது குட்டைவால் செம்மறி. டாக்டருக்குப் போன் போட்டேன். ஒரு நாள் நக்கினால் ஒன்றும் ஆகாது, வாரக்கணக்கில் போகாமல் பார்த்துக்கொள் என்றார். சரி என்றேன். அதன் பிறகு எத்தனை தடவை அந்தச் செம்மறியின் கண் இமையைத் திருப்பிப் பார்த்தேனோ.

ஏப்ரல் 15
கிடா மூத்திரம் போகவில்லை. காலைப் பரப்பிக்கொண்டு முக்குகிறது, சொட்டுக்கூட இல்லை, பல்லை நறநறக்கிறது. பக்ரீத்துக்கு என்று கொழுந்தன் தவிடும் மக்காச்சோளமுமாகப் போட்டு ஏற்றிய கிடா. கல்லடைப்பு. டாக்டர் அதை உட்காரவைத்து, குறியை வெளியே எடுத்துக் காட்டினார். நுனியில் புழு மாதிரி மெல்லிய நீட்டம், அதற்குள் மணல் மணலாக அடைத்திருந்தது. அந்த நுனியை மட்டும் கத்தரித்தார். முதலில் சொட்டு, அப்புறம் பீய்ச்சி அடித்தது. அவர் சட்டையெல்லாம். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தவிட்டில் பாஸ்பரஸ் பல மடங்கு, சுண்ணாம்புச் சத்து ஒன்றுமே இல்லாத மாதிரி. மக்காச்சோளமும் அதே கதை. சுண்ணாம்பு 2 பங்கு, பாஸ்பரஸ் 1 பங்கு என்று அமைய வேண்டுமாம். சுண்ணாம்புச் சத்துக்கு வேலிமசால் தழையும் அகத்தியும் கூட்டச் சொன்னார். கல்லுப்பு போட்டால் தண்ணீர் நிறையக் குடிக்கும். நவச்சாரமும், அதாவது அம்மோனியம் குளோரைடும், தரலாம், அளவை அவரே எழுதித் தருகிறாராம், கடையில் கேட்டதைப் போட்டுவிடாதே என்று இரண்டு தடவை சொன்னார்.

கொழுந்தன் பேசவில்லை. சாயங்காலம் தவிட்டு மூட்டையை எடுத்துப் போய் மாட்டுக்கு வைத்தார்.

ஏப்ரல் 16
கிடா மூத்திரம் போகிறது. காது அதன் பக்கமே இருக்கிறது.

ஏப்ரல் 19
சினையில் இருக்கும்போதே குட்டியின் நரம்புக்குச் செம்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமாம். பிறந்த பிறகு கொடுத்தால் அந்தக் கால் திரும்பாது. அப்படியானால் கருப்பிக்கு இப்போது நான் கரண்டி கரண்டியாகப் போடுவது யாருக்கு? டாக்டரைக் கேட்டேன். "போடுங்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 20
கழுத்தோரம் புதிதாக முளைத்த மயிர் கருப்பாகத் தெரிகிறது. அத்தைக்குத் தெரியவில்லையாம். வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். கருப்புதான்.

ஏப்ரல் 22
கருப்பிக்கு மடி இறுகிவிட்டது, வாலடியில் இரண்டு பக்கமும் குழி. பிறக்கப்போகிற குட்டியின் தொப்புளுக்கு அயோடின் வாங்கியாயிற்று. டார்ச் லைட்டுக்கு பேட்டரி வாங்க மறந்துவிட்டார் கொழுந்தன், நாளைக்கு