எக்குவடோரில் புற்றுநோய் அரிதாகவே அண்டும் மனிதர்கள்

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள், அதைத் தின்றால் புற்றுநோய் வரும் என்ற வாட்ஸ்அப் செய்தி எங்கள் குடும்பக் குழுவில் அடிக்கடி வந்து விழும். வளர்ச்சி ஹார்மோன் என்பதே ஒரு புரதம்தான், வாய்வழியாகப் போனால் வயிற்றிலேயே செரித்துவிடும். ஒவ்வொரு கோழியையும் பிடித்துப் பிடித்து ஊசி போடுவது எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. 40 நாளில் 2 கிலோ எடை வருவதற்குக் காரணம் பல தலைமுறை இனத்தேர்வும் தீவனமும். (பண்ணைகளில் ஆன்டிபயாடிக் கொடுப்பது வேறு விஷயம், அதற்குக் கவலைப்பட நியாயம் இருக்கிறது.) என் கவலை நம் உடம்புக்குள்ளேயே சுரக்கிற வளர்ச்சி ஹார்மோனைப் பற்றியது.

எக்குவடோர் நாட்டின் தெற்கில், லோஹா மாகாணத்தையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சேர்ந்த மலைக் கிராமங்களில், வளர்ந்த பிறகும் பெரும்பாலும் நான்கடி உயரத்தைத் தாண்டாத மனிதர்கள் இருக்கிறார்கள். லாரோன் குறைபாடு என்று பெயர். 1966-இல் இதை முதலில் விவரித்தவர் இஸ்ரேல் மருத்துவர் ஸ்வி லாரோன். இவர்கள் உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் தாராளமாகச் சுரக்கிறது, ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பிறவியிலேயே பழுது, அதனால் கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற அடுத்த ஹார்மோனை மிகக் குறைவாகத்தான் தயாரிக்கிறது. ஹைமே கெவாரா அகீரே என்ற மருத்துவர் இவர்களில் சுமார் 100 பேரை 22 ஆண்டுகள் கவனித்துவந்தார். முதுமையை ஆராயும் விஞ்ஞானி வால்டர் லோங்கோவுடன் சேர்ந்து 2011-இல் அவர் வெளியிட்ட முடிவைப் படித்தபோது நான் அசந்துபோனேன். ஒரே ஒருவருக்குத்தான் புற்றுநோய் வந்திருந்தது, அதுவும் உயிரைப் பறிக்கவில்லை. சர்க்கரை நோய் ஒருவருக்கும் இல்லை, இத்தனைக்கும் அவர்களில் பலர் குண்டானவர்கள். இந்தக் குறைபாடு இல்லாத அவர்களுடைய உறவினர்களில் 17 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது.

ஐஜிஎஃப்-1 செல்களைப் பெருகச் சொல்கிறது, சாகாமலும் காக்கிறது. வளரும் பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் மரபணு சிதைந்த ஒரு செல் தானாகச் செத்துப்போவதுதான் உடம்புக்கு நல்லது, இந்த ஹார்மோன் அதிகமாக இருந்தால் அந்தச் செல்லும் தப்பித்துப் பெருக வாய்ப்பு கூடுகிறது.

சரி, சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? புரதம் நிறைய சாப்பிட்டால், முக்கியமாகப் பால், இறைச்சி வழியாக, ஐஜிஎஃப்-1 ஏறுகிறது. லோங்கோ குழுவினர் 2014-இல் ஐம்பது வயதைத் தாண்டிய 6,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தகவல்களை ஆராய்ந்தார்கள். 50 முதல் 65 வயதுக்குள், கலோரியில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ புரதமாகச் சாப்பிட்டவர்கள் புற்றுநோயால் இறந்தது, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு. பருப்பு, பயறு போன்ற தாவரப் புரதமாக இருந்தால் இந்தத் தொடர்பு இல்லாமலோ வலுவிழந்தோ போனது. 65-க்குப் பிறகு கணக்கு தலைகீழ், புரதம் அதிகம் சாப்பிட்டவர்களிடம்தான் புற்றுநோய் மரணம் குறைவு. ஒரே ஒரு நாள் சாப்பாட்டை விசாரித்து எழுதிய கணக்கு இது என்பதால் அந்த நான்கு மடங்கை நான் அப்படியே நம்பமாட்டேன். ஆனால் எக்குவடோர் மனிதர்களோடு சேர்த்துப் பார்க்கும்போது ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை.

அதனால்தான், ஐம்பதை நெருங்கும் நண்பர்கள் மூன்று வேளையும் முட்டை, கோழி, போதாததற்கு வே பவுடர் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) என்று இறங்கும்போது எனக்குப் பதறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) புரதப் பரிந்துரை, உடம்பின் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 50 கிராம் போதும். அதே ஊரில், சோறும் ரசமுமாகவே காலம் தள்ளுகிற என் பெரியம்மா போன்ற எழுபது வயதுக்காரர்களுக்கு அந்த 50 கிராமே கிடைப்பதில்லை. அவர்களுக்கு ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் கூடுதலாகக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் ஒன்று, இதையெல்லாம் படித்துவிட்டு, கீமோ எடுத்துக்கொண்டிருக்கிற யாருக்கும் முட்டையையும் பாலையும் நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சையில் தசை கரைவது பெரிய ஆபத்து, அந்த நேரத்தில் அவர்களுக்குப் புரதம் வழக்கத்தைவிட அதிகமாகவே தேவைப்படும். எதை மாற்றுவதானாலும் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.