தோலுக்கு அடியில்

மணல் கலந்த சேற்றை இறைக்கும் பம்புகளுக்கு உள்ளே தேய்மானத்தைத் தாங்கும் உறையான லைனரைக் கடைவதுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஷாப்பின் முக்கிய வேலை. 27 சதவீதம் குரோமியம் உள்ள வெள்ளை வார்ப்பிரும்பு. சூடாக்கிக் கடினப்படுத்தும் ஹீட் ட்ரீட்மெண்ட் முடிந்து வரும்போது கடினம் ராக்வெல் C அளவில் 60ஐத் தொடும். அரத்தை வைத்துத் தேய்த்தால் அரம்தான் மழுங்கும்.

கார்பைடு இன்சர்ட், அதாவது டூலின் நுனியில் மாட்டும் வெட்டுத்துண்டு, ஏன் இதில் நிற்பதில்லை என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. அந்த இரும்புக்குள்ளேயே குரோமியம் கார்பைடு துகள்கள் கிடக்கின்றன. கடினத்தில் அவை நம் டூலுக்கு ஏறக்குறைய சமம். வைரம் வைக்கலாமே என்றால், வைரம் என்பது கரி. சூட்டில் இரும்போடு கரைந்துவிடும். அதனால்தான் சிபிஎன், அதாவது கியூபிக் போரான் நைட்ரைடு. போரானும் நைட்ரஜனும் சேர்ந்த இதை 1957இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கினார். கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது, இரும்போடும் எளிதில் சேராது.

முதல் சிபிஎன் இன்சர்ட் கைக்கு வந்த அன்று, அதன் விலையை நினைத்துப் பயந்து வெட்டும் ஆழம், அதாவது டெப்த், 0.3 மி.மீ.தான் வைத்தேன். வார்ப்பின் தோல் ஒரே மட்டமாக இருக்காது. மணலும் பொருக்கும் ஒட்டியிருக்கும். டூல் வெட்டாமல் உரசிக்கொண்டே போனது. போல்ட் துளைகளைக் கடக்கும்போதெல்லாம் டக் டக்கென்று அடி. சீவல் செக்கச்செவேலென்று பறந்ததும், பழக்கத்தில் கூலண்டை, சூட்டைத் தணிக்கும் திரவத்தை, திறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் முனை பொடிந்தது.

பக்கத்து லேத் அண்ணன் வந்தார். திட்டவில்லை. லென்ஸை என் கையில் கொடுத்து இன்சர்ட்டைப் பார்க்கச் சொன்னார். முனையில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக மெல்லிய விரிசல்கள்.

“துளை வந்தா ஆறுது, மறுபடி சூடாகுது. அதுமேல தண்ணியும் ஊத்துனா எப்படித் தாங்கும் தம்பி? தோலுக்கு அடியில போ. சூட்டை விடு, அதுதான் நமக்கு வெட்டித் தருது.”

வட்ட இன்சர்ட், 2 மி.மீ. டெப்த், நிமிடத்துக்கு 60 மீட்டர், கூலண்ட் கிடையாது. டூல் ஹோல்டரை முடிந்த மட்டும் உள்ளே தள்ளி இறுக்கினார். வெட்டுகிற இடத்தில் மட்டும் உலோகம் இளகுகிறது. சூட்டின் பெரும்பங்கு சீவலோடு போய்விடுகிறது. சத்தமே மாறிவிட்டது, உரசல் போய் ஒரே சீரான இரைச்சல். அந்தச் சத்தத்தைத்தான் இன்றும் மெஷினின் லோடு மீட்டருக்கும் முன்னால் நம்புகிறேன்.

ஆனாலும் துளைகளின் ஓரம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. சரி, கடினப்படுத்துவதற்கு முன் கார்பைடே போதும் என்று, அடுத்த லாட்டிலிருந்து ஓரங்களை அப்போதே சாய்த்து வெட்டி அனுப்ப ஆரம்பித்தோம்.