தடைக்காலம் முடியும் முன் வரும் படகு செட்டுகள்: மதுரைப் பணிமேசை நாட்குறிப்பு

மே 29

ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடியும். இந்த 61 நாள் தடையில் உப்புக்காற்றில் சும்மா கிடக்கும் படகு செட்டுகள் (வயர்லெஸ், ஜி.பி.எஸ், எக்கோ சவுண்டர்) மண்டபம், பாம்பன் பக்கமிருந்து பஸ் ஏறி வர ஆரம்பித்துவிட்டன. எல்லாச் சீட்டிலும் ஒரே வாசகம்: "ஆன் ஆகல."

பழுது பார்க்கும் மேசையில் 13.5 வோல்ட் கொடுத்தால் பெரும்பாலானவை உடனே எழும்பிவிடுகின்றன. கோளாறு படகில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. அதனால் செட்டை மட்டும் கழற்றி அனுப்பாதீர்கள். பவர் கேபிளையும் ஃப்யூஸ் ஹோல்டரையும் வெட்டாமல் சேர்த்து அனுப்புங்கள்.

பவர் சப்ளையில் கரண்ட் லிமிட்டை முதலில் 1 ஆம்பியரில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். உடனே லிமிட்டில் போய் நின்றால், யாரோ பேட்டரியை மாற்றி மாட்டும்போது பிளஸ், மைனஸ் தலைகீழாகியிருக்கலாம். உள்ளே வாசலிலேயே இருக்கும் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகி, ஃப்யூஸ் போயிருக்கும். டயோடும் அதே ஆம்பியர் ஃப்யூஸும் மாற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஃப்யூஸில் ஈயத்தாள் சுற்றி ஓட்டிப் பார்த்தவர்களின் செட்டு பிழைப்பது கஷ்டம். போர்டில் செம்புத் தடமே எரிந்திருக்கும்.

ஜூன் 2

பேட்டரி. சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 முதல் 12.7 வோல்ட் என்பது முழுசு, 12.2 பாதி, 11.9-க்குக் கீழே கிட்டத்தட்ட காலி. சும்மா இருக்கும்போது 12.4 காட்டி, லோடு கொடுத்ததும் 10.5-க்குக் கீழே விழுந்தால் ஒரு செல் போயிருக்கும். ஆசிட்டின் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 குறைவாகக் காட்டினால் அதுதான் ஆள்.

சூடு ஏற ஏறப் பேட்டரி தானாக இறங்குவதும் வேகமாகும். சுமார் 10 டிகிரிக்கு இரு மடங்கு. அக்னி நட்சத்திரத்தில் மூடிய எஞ்சின் அறையில் கிடந்தது பழசாக இருந்தால் இறங்கித்தான் இருக்கும், பிளேட்டில் சல்பேட்டும் படிந்திருக்கும். பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் 15 ஆம்பியருக்கு மேல் போகாமல் சார்ஜ் ஏற்றுங்கள். மீதித் தண்ணீர் சார்ஜ் ஏறிய பிறகு. ஆசிட் ஊற்றவே வேண்டாம். கதவைத் திறந்து வையுங்கள், ஹைட்ரஜன் வரும்.

ஜூன் 6

மறுபடியும் அதே பல்லவி: செட்டு ஆன் ஆகிறது, வயர்லெஸில் பட்டனை அழுத்தியதும் எல்லாம் அணைந்துவிடுகிறது. 25 வாட் வி.எச்.எஃப் (படகு வயர்லெஸ்) பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். கேட்கும்போது அரை ஆம்பியர் போதும். அதனால் சும்மா அளந்தால் வயரின் குறை தெரியாது. பட்டனை அழுத்தியபடிதான் அளக்க வேண்டும்.

மல்டிமீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை செட்டுக்குப் போகும் பிளக்கின் பிளஸ்ஸில். காட்டுவது அந்த வழியில் தொலையும் வோல்ட். மைனஸ் பக்கமும் இதே மாதிரி பாருங்கள். பலர் விடுவது அதைத்தான். இரண்டும் சேர்ந்து 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. வீல் ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி என்றால் போக வர 10 மீட்டர் வயர்: 2.5 சதுர மி.மீ. புது வயரே 6 ஆம்பியரில் 0.44 வோல்ட் தின்னும், 4 சதுர மி.மீ. என்றால் 0.28. வீட்டு வயரிங் கம்பியை அங்கே இழுப்பது சரிப்படாது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வேண்டும்.

உறையைச் சீவினால் உள்ளே கம்பி கறுத்திருக்கிறதா? பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு சாண் வெட்டியும் கறுப்பு தீரவில்லை என்றால் முழு வயரையும் மாற்றுங்கள். புது லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கிப் பிடிக்க வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். பிளக் பின்னில் பச்சைக் களிம்பு என்றால் உப்புத்தாள் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். முதலில் டிஸ்டில்ட் வாட்டரில் கழுவி உப்பைக் கரைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். உப்பு மிச்சமிருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி பூக்கும். காய வைக்க நிழலும் ஃபேனும் போதும். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் எல்சிடி கறுத்துவிடும்.

ஜூன் 9

வயர்லெஸில் நமக்குக் கேட்கிறது, ஆனால் எதிரே கேட்கவில்லை என்றால் ஆண்டெனா பக்கம். எஸ்.டபிள்யூ.ஆர் (ஆண்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவு) 1.5-க்குள் நல்லது, 3 என்றால் கால்வாசிப் பவர் திரும்பி வருகிறது. சில ஆண்டெனாக்கள் மல்டிமீட்டரில் ஷார்ட் என்றே காட்டும், அது அவற்றின் அமைப்பு. செட்டையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கோஆக்சியல் கேபிளை மட்டும் தனியாகக் கழற்றி அளந்தால்தான் தீர்ப்பு. கேபிளின் உறைக்குள் இருக்கும் கம்பிப் பின்னல் கறுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது, கேபிளே மாற்ற வேண்டும். ஆண்டெனா இல்லாமல் பட்டனை அழுத்தாதீர்கள். மேசையில் ஆண்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு மாட்டுங்கள். சேனல் 16-இல் "ஹலோ டெஸ்டிங்" வேண்டாம், அது ஆபத்து அழைப்புக்கு.

ஜூன் 11

ஜி.பி.எஸ் முதல் நாள் இடம் பிடிக்காதது கோளாறு அல்ல. செயற்கைக்கோள்களின் அட்டவணை பழசாகியிருக்கும். முழுதாக இறங்க 12.5 நிமிடம். திறந்த வானத்தின் கீழ் அரை மணி நேரம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படியே என்றால் உள்ளேயிருக்கும் 3 வோல்ட் லித்தியம் செல் முடிந்தது. தேதி மட்டும் சுமார் 20 வருடம் பின்னால் காட்டும் பழைய செட்டுகள் ஜி.பி.எஸ்ஸின் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பூஜ்யத்துக்குச் சுழல்வதன் விளைவு. கடைசியாகச் சுழன்றது ஏப்ரல் 2019. இடம் சரியாகவே காட்டும்.

லித்தியம் செல்லைத் தொடும் முன் பாயிண்டுகளை (செட்டில் சேமித்த இடங்களை) தாளில் எழுதுங்கள், எந்த முறையில் என்றும் சேர்த்து. 9 டிகிரி 17.50 நிமிடத்தை 17 நிமிடம் 50 விநாடி என்று திரும்ப ஏற்றினால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். இந்தியா, இலங்கை இடையே 1974 ஒப்பந்தத்தில் வகுத்த எல்லைக் கோடு போகும் கடலில் அது சின்ன விஷயம் இல்லை. ரீசெட்டுக்குப் பிறகு டேட்டம் (இடத்தைக் கணக்கிடும் அடிப்படை அமைப்பு) டபிள்யூ.ஜி.எஸ் 84 தானா என்றும் பாருங்கள்.

ஜூன் 13

எக்கோ சவுண்டர், அதாவது ஒலியால் ஆழம் அளக்கும் செட்டு. அதன் டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் முனை) தண்ணீருக்கு வெளியே இருக்கும்போது செட்டை ஓட்டக்கூடாது. இப்போது கண்மாய்கள் வறண்டு கிடப்பதால் தோட்டக் கிணறுதான் சோதனைக் கடல். மூங்கில் கழியில் கட்டி நடுக்கிணற்றில் இறக்குங்கள். 200 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கூம்பு ஒடுக்கமானது, தரை தெளிவாக விழும். 50-இல் கூம்பு 40 டிகிரிக்கு மேல் விரிவதால் கிணற்றுச் சுவரே எதிரொலிக்கும். அதைக் கோளாறு என்று எழுதாதீர்கள். ரேஞ்சை ஆட்டோவில் விடாமல் 10 மீட்டரில் நிறுத்துங்கள்.

டிரான்ஸ்டியூசர் முகத்தில் ஒட்டிய சிப்பியை மரச்சீவலால் நெம்பி, நைசான உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பிளாஸ்டிக் முகம் என்றால் தின்னரோ அசிட்டோனோ படக்கூடாது. பெயிண்டர் அடிமட்டம் பூசும்போது டிரான்ஸ்டியூசர் முகத்திலும் கெட்டியாக அடித்துவிடுவது வழக்கம். நாளை படகு இறங்கும் முன் அதைச் சுரண்டச் சொல்லி எல்லாப் பெட்டியிலும் சீட்டு ஒட்டியாகிறது.