‘ம்’ பஞ்சம்: அச்சகத்து நாட்குறிப்பு

2025 ஜூலை 5, சனி

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டு அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடித்த இடம், இப்போது சனி ஞாயிறில் எங்கள் தமிழ் மன்றத்துக்கு. கவிதைத் தொகுப்பை ஈய எழுத்தில் கையால் கோர்த்து அறுபது பிரதி போடுவதாகத் திட்டம்.

ஈய எழுத்து என்கிறோமே தவிர, அதில் வெள்ளீயமும் ஆன்டிமனியும் உண்டு. ஈயம் மட்டுமென்றால் சீக்கிரம் நசுங்கிவிடும். எல்லா எழுத்துக்கும் ஒரே உயரம், 0.918 அங்குலம். ஒன்று குட்டையாக இருந்தாலும் அந்த இடம் தாளில் விழாது. அச்சுக்கோர்க்கும் ஐயா முதலில் சொன்னது வேறு: “கை கழுவாம வடைய தொடாதீங்க.”

ஜூலை 7, திங்கள்

பாரம்பரிய நகர தினம், பினாங்குக்கு மட்டும் விடுமுறை. ஊரே உலா போக, நாங்கள் எழுத்துப் பெட்டி முன்னால்.

எழுத்தின் உடம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கிறது. அது மேலே பார்க்கும்படி இடமிருந்து வலமாகக் கோர்க்க வேண்டும். எழுத்து தலைகீழாகத் தெரியும். ‘கொ’ என்றால் மூன்று துண்டு: கொம்பு, க, கால். கைப்பேசியில் ஓரிரு தட்டில் வருவதற்கு இங்கே மூன்று முறை கை நீட்ட வேண்டும். முதலாமாண்டுத் தம்பி நான்கு வரி கோர்த்துவிட்டு, “இனிமே ஹைக்கூதான் எழுதுவேன்” என்றான்.

ஜூலை 12, சனி

‘ம்’ தீர்ந்துவிட்டது.

ரப்பர் தோட்டத்துத் தங்கை ஒருத்தியின் கவிதை இப்படித் தொடங்கியது:

பால்மரமும் பனியும் வாளியும் கத்தியும்
பாட்டியும் பாட்டியின் இருமலும்

இரண்டு வரிக்கே ஆறு ‘ம்’. முழுக் கவிதையும் இதே நடை. அதே பக்கத்தில் இன்னொருவர் கவிதையும் இருந்தது, அதிலும் ‘உம்’ மழைதான். பெட்டியில் அந்த அறையைத் துழாவினால் தேய்ந்த நாலைந்துதான் மிச்சம். கணினியில் அடித்து அச்சுத் தகடாக (பிளேட்) செய்து ஒட்டிவிடலாம் என்றார் செயலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படியென்றால் முழுப் புத்தகத்தையும் அங்கேயே செய்துவிடலாமே.

ஐயா கவிதையை ஒருமுறை வாசித்துவிட்டு, “ஏம்மா, எல்லாத்தையும் ஒரே கயித்துல கட்டி இழுக்கணுமா?” என்றார். அவள் முகம் வாடிவிட்டது. தேநீருக்குப் போனவள் கசங்கிய ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள்:

பனிக்குள் பால்மரம்.
பாட்டி இருமுகிறாள்.

வாளி, கத்தி எதுவும் இல்லை, ஆனாலும் தோட்டம் தெரிகிறது. மன்றத்தில் மாதக்கணக்கில் கவிதைப் பட்டறை நடத்தியிருக்கிறோம். ஒருவரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை, நான் உட்பட. நன்றாக இருக்கிறது என்று கைதட்டிவிட்டுக் கலைந்துபோவதுதான் எங்கள் விமர்சனம்.

ஜூலை 13, ஞாயிறு

புரூஃப் எடுத்தோம். ‘லை’, ‘னை’ எல்லாம் துதிக்கை வைத்த பழைய வடிவம். தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். பெரியார் ‘குடி அரசு’ இதழில் 1935-லேயே தொடங்கிவிட்டார். இந்த எழுத்துகள் அதற்கெல்லாம் அசையாத தலைமுறை. தம்பிக்கு ‘மாலை’யை வாசிக்க முடியவில்லை. மாற்ற வேண்டாம், முன்பக்கத்தில் ஒரு குறிப்பு போதும் என்று முடிவு. வாசகர் கொஞ்சம் திணறட்டும்.

ஜூலை 19, சனி

மழை. தாள் ஈரம் இழுத்து உப்பியதால் காலை முழுக்க வீண். மதியத்துக்கு மேல் அச்சு. மை மங்கிய இடங்களில், தாளுக்கு அடியில் இருக்கும் அட்டையில் மெல்லிய தாளைக் கிழித்து ஒட்டினார் ஐயா. அடுத்த பிரதியில் ‘பாட்டி’ கறுப்பாக விழுந்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

தையல் எளிது, மூன்று துளை, ஒரு நூல். எழுத்துகளை மண்ணெண்ணெயில் துடைத்து மறுபடி பெட்டியில் பிரித்துப் போடுவதுதான் கொடுமை. தம்பி ‘ன’ அறையில் ‘ண’வைக் கொட்டிவிட்டான். இரண்டு மணிநேரம் எல்லோரும் பொறுக்கினோம். “அடுத்து வர்றவன் உங்களத்தான் திட்டுவான்” என்றார் ஐயா. ‘ம்’ அறை நிரம்பியிருக்கிறது; அடுத்த தொகுப்புக்குத் தான் மறுபடி ‘உம்’ போட்டே எழுதப் போவதாகத் தங்கை மிரட்டுகிறாள்.